ஒரு சொல்லாகி நின்ற விஞ்ஞானி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் விளைவு என்றால் நெல்தான். இவ்வாண்டு விளைவு எப்படி என்று ஒருவர் கேட்டால், மாவுக்கு எத்தனை மூட்டை கண்டது என்பதே அதன் பொருள். அந்தச் சொல்லோடு பிறந்து வளர்ந்தவள் நான். சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, இராமன் விளைவு, இராமன் விளைவு என்று பாடத்தை உரக்கப் படித்துக் கொண்டிருந்தேன். வயலிலிருந்து திரும்பிய என் தந்தையார் நின்று கேட்டார். அது எந்தப் பண்ணையில் வந்த நெல், எத்தனை நாள் பயிர், குறுவைக்கு ஏற்றதா, தாளடிக்கு ஏற்றதா என்று விசாரித்தார்.

நான் சிரித்துவிட்டேன். அது நெல் அன்று, ஒளியைப் பற்றியது என்றேன். அப்படியானால் அதில் என்னதான் விளைகிறது என்று அவர் மீண்டும் கேட்டார். மனப்பாடமாய் இருந்த ஐந்து வரிகளை ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கால் கழுவப் போனார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கும் விளங்கவில்லை என்பது சில நாட்களுக்குப் பின்னரே தெரிந்தது.

பருவ இறுதியில் செய்முறைத் தேர்வு வந்தது. லேசர் கற்றையைக் கீற்றணி வழியே செலுத்தி அதன் அலைநீளத்தைக் காணும் சோதனை எனக்கு வாய்த்தது. விடை சரியாகவே வந்தது. பிறகு வாய்மொழியாக ஒரு கேள்வி. 532 நானோமீட்டர் அலைநீளமுள்ள இந்தப் பச்சை லேசர் பென்சீன் திரவத்தில் படுகிறது. பென்சீனின் இராமன் பெயர்ச்சி 992. புதிய கோடு எங்கே தோன்றும் என்று கேட்டார்கள். நான் 532-ஐயும் 992-ஐயும் கூட்டி 1524 என்றேன். 992 என்பது எந்த அலகில் என்றுகூட நான் எண்ணிப் பார்க்கவில்லை. தேர்வாளர் ஒன்றும் சொல்லாமல் ஏட்டில் எதையோ குறித்துக் கொண்டார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் ஓராண்டு ஜவுளிக் கடையில் நின்று வேலை பார்த்துவிட்டுத்தான் இங்கு வந்து சேர்ந்தேன். தமிழ் வழியில் படித்த எனக்குப் புரியாத சொற்களை மனப்பாடம் செய்வதே பழக்கமாகிவிட்டது. இந்தப் பழக்கம் என்னைப் போன்ற பலருக்கும் உண்டு என்பதை நண்பர்கள் மறுக்க மாட்டார்கள். அந்த ஒரு சொல்லையாவது உண்மையாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நூலகத்திற்குச் சென்றேன். சொல்லைத் தேடிப் போன எனக்கு ஒரு மனிதரின் வாழ்க்கை கிடைத்தது. அதையே இங்கு எழுதுகிறேன்.

காவிரிக் கரையில் பிறப்பு

சந்திரசேகர வெங்கட இராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் திருவானைக்காவலில் பிறந்தார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள ஊர் அது. அவ்வூரைத் தொட்டு வரும் காவிரிதான் கல்லணை தாண்டி எங்கள் ஊர் வாய்க்காலுக்கும் வருகிறது. தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். எட்டு மக்களுள் இராமன் இரண்டாமவர். அவர்தம் தந்தைவழி முன்னோர் தஞ்சை மாவட்டத்தில் மாங்குடிப் பக்கம் நிலம் வைத்திருந்தவர்கள்.

சந்திரசேகர ஐயர் கல்லூரி விரிவுரையாளராகி 1892-இல் விசாகப்பட்டினம் சென்றார். கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர் அவர். ஆகவே இராமன் வளர்ந்த வீட்டில் நூல்கள் நிறைந்திருந்தன. கேட்டால் விளக்கிச் சொல்ல ஒருவர் இருந்தார். எங்கள் வீட்டில் அச்சடித்த தாள் என்றால் குடும்ப அட்டையும் நாட்காட்டியுந்தான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு மேதையின் வாழ்வைப் படிக்கும்போது அவர் எங்கிருந்து புறப்பட்டார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பதினொரு வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார் இராமன். பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1904-இல் பி.ஏ. பட்டத்தை முதலிடத்தோடும் இயற்பியலுக்கான தங்கப் பதக்கத்தோடும் பெற்றார். 1907-இல் எம்.ஏ. முடித்தார். அதற்கு முந்தைய ஆண்டே, பதினெட்டு வயதில், செவ்வகத் துளையில் ஒளி வளைவதைப் பற்றிய அவரது முதல் ஆய்வுக் கட்டுரை இலண்டன் இதழ் ஒன்றில் வெளிவந்துவிட்டது.

கணக்கு அலுவலகமும் ஆய்வுக்கூடமும்

அந்நாளில் விஞ்ஞானத்தை நம்பிப் பிழைக்க நம் நாட்டில் வழி இல்லை. மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல அவரது உடல்நிலை இடம் தரவில்லை. எனவே நிதித் துறைத் தேர்வு எழுதி, முதலிடம் பெற்று, 1907-இல் கல்கத்தாவில் உதவிக் கணக்காய்வு அதிகாரியாக வேலையில் அமர்ந்தார். அதே ஆண்டில்தான் லோகசுந்தரி அம்மையாரை மணந்தார். பத்தொன்பது வயதுகூட நிரம்பாத இளைஞருக்கு நல்ல ஊதியம், அரசாங்கப் பதவி, இல்லறம் எல்லாம் அமைந்துவிட்டன. பலருடைய வாழ்க்கை வரலாறு இந்த இடத்தில் முடிந்துவிடும்.

இராமன் வாழ்வோ இங்குதான் தொடங்குகிறது. பௌபஜார் தெருவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் என்ற பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய கழகம் அது. கருவிகள் இருந்தன; அவற்றைத் தொட ஆளில்லை. கதவைத் திறந்துவிட்டவர் ஆசுதோஷ் டே என்னும் உதவியாளர். ஆசு பாபு என்று எல்லோரும் அழைத்த அவர் கல்லூரியில் படித்தவர் அல்லர். எனினும் பின்னாளில் இராமனுடைய ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயரும் சேர்ந்து அச்சாயிற்று.

விடியற்காலையில் ஆய்வுக்கூடம், பகலில் அலுவலகம், மாலையில் மீண்டும் ஆய்வுக்கூடம் என்று பத்தாண்டுகள் உழைத்தார் இராமன். இடையில் இரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றினார்கள். அங்கும் ஆய்வு நிற்கவில்லை. 1917-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவி கிடைத்தபோது, அதைவிடக் கூடுதலான ஊதியம் தந்த அரசு வேலையை உதறிவிட்டு அதை ஏற்றார்.

அக்காலத்தில் அவர் மிகுதியாக ஆராய்ந்தது இசைக் கருவிகளை. வயலின், வீணை, தம்புரா, மிருதங்கம் ஆகியவற்றின் ஒலி அதிர்வுகளை அளந்தார். சாதாரண முரசின் தோல் எழுப்பும் ஒலிகள் ஒன்றோடொன்று இசைவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலை நடுவே இடும் கரிய பூச்சின் கனத்தால் அதன் அதிர்வுகள் ஒழுங்குபட்டு, தந்திக் கருவிபோல் இனிய சுருதி தருகின்றன என்று அவர் காட்டினார். வீணைக்குப் பேர்போன தஞ்சையில் இருக்கும் நாம் இதை நினைத்துப் பெருமை கொள்ளலாம். ஒரு பொருளின் இயல்பை அதன் அதிர்வைக் கொண்டே அறியலாம் என்ற எண்ணம் அவரிடம் இருந்தது. பின்னர் ஒளியிலும் அவர் கண்டது அதையே.

கடல் ஏன் நீலம்?

1921-இல் ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குச் சென்று நார்குண்டா என்ற கப்பலில் திரும்பினார் இராமன். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரை நிறுத்திற்று. வானத்தின் நீலம் கடலில் பிரதிபலிக்கிறது, அவ்வளவுதான் என்று ராலே பிரபு கூறியிருந்தார். ராலே சொன்னதற்கு மறுபேச்சு இல்லாத காலம் அது. இராமன் தம் பையிலிருந்த நிக்கல் பட்டகத்தை எடுத்து, நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியை விலக்கிவிட்டுப் பார்த்தார். வானத்தின் பிம்பம் மறைந்தது. கடலின் நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று முடிவு கண்டார்.

சிறு பட்டகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, தம் கண்ணால் கண்டதை நம்பினார் என்பதே இதில் நாம் கற்க வேண்டிய பாடம். நானோ கையில் லேசரையும் கீற்றணியையும் வைத்துக்கொண்டு, காணாத ஒன்றை ஒப்பித்துக் கொண்டிருந்தேன்.

1928 பிப்ரவரி 28

கல்கத்தா திரும்பியதும் இராமனும் மாணவர்களும் திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராயத் தொடங்கினர். 1923-இல் கே.ஆர். இராமநாதன் ஓர் அதிசயத்தைக் கண்டார். சிதறிய ஒளியில் மிக மங்கலாக, உள்ளே சென்ற நிறத்தில் இல்லாத வேறொரு நிறம் தெரிந்தது. திரவத்தில் ஏதோ அழுக்கு இருக்கிறது என்று எண்ணி மறுபடி மறுபடி காய்ச்சி வடித்துப் பார்த்தார்கள். எவ்வளவு தூய்மைப்படுத்தினாலும் அந்த மங்கல் ஒளி போகவில்லை. பதராக இருந்தால் தூற்றத் தூற்றப் பறந்திருக்கும். அது பறக்கவில்லை, எனவே அது மணி.

1928 தொடக்கத்தில் கே.எஸ். கிருஷ்ணன் இவ்வாய்வில் முழுமூச்சாக ஈடுபட்டார். சூரிய ஒளியைத் தொலைநோக்கியால் குவித்து, ஒரு நிறம் மட்டும் செல்லும் வடிகட்டி வழியே திரவத்தில் பாய்ச்சினார்கள். அந்நிறத்தைத் தடுக்கும் மற்றொரு வடிகட்டி வழியே பக்கவாட்டில் நின்று பார்த்தார்கள். இருட்டாகத் தோன்ற வேண்டிய இடத்தில் ஒளி தெரிந்தது. ஒன்றல்ல, ஏறத்தாழ அறுபது திரவங்களில் தெரிந்தது. பிப்ரவரி 28-ஆம் நாள் சூரிய ஒளிக்குப் பதில் பாதரச விளக்கைக் கொண்டு நிறமாலை நோக்கியில் பார்த்தபோது, பழைய கோட்டுக்கு அப்பால் புதிய கோடு தனித்து நின்றது. அந்த நாளே 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அதே மாதத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டெல்ஷ்டாம் என்னும் இருவர் குவார்ட்சுப் படிகத்தில் இதே நிகழ்ச்சியைத் தனியே கண்டனர். ஆனால் இராமன் குழுவினரின் அறிவிப்பு முந்திக் கொண்டது. அவ்வாண்டிலேயே பெர்லின் நகர விஞ்ஞானி பிரிங்ஷைம் இந்நிகழ்ச்சிக்கு இராமன் விளைவு என்று பெயர் சூட்டினார். 1929-இல் சர் பட்டம் வந்தது. 1930-இல் நோபல் பரிசு வந்தது. அறிவியலுக்காக அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் காவிரிக் கரையில் பிறந்த நம் இராமனே.

சொல்லின் பொருள்

இவ்வளவும் படித்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தந்தையாரிடம் மீண்டும் அமர்ந்தேன். இம்முறை ஒப்பிக்கவில்லை. ஒளி துகள் துகளாக வருகிறது. ஒவ்வொரு துகளும் ஓர் அளவு ஆற்றலைச் சுமந்து வருகிறது. அது மூலக்கூறில் பட்டுத் தெறிக்கும்போது பெரும்பாலும் கொண்டுவந்த ஆற்றலை அப்படியே கொண்டு போகிறது. அரிதாக ஒரு துகள் மட்டும் கொஞ்சம் ஆற்றலை மூலக்கூறிடம் விட்டுவிட்டுப் போகிறது. மூலக்கூறு அதை வாங்கிக்கொண்டு அதிர்கிறது. ஆற்றல் குறைந்த துகளின் நிறம் மாறிவிடுகிறது என்றேன்.

எவ்வளவு அரிது என்று அவர் கேட்டார். சிதறும் துகள்களில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒன்று. ஆயிரம் நெல்மணி 20 கிராம் என்று கொண்டால் ஒரு கோடி மணி 200 கிலோ. கொள்முதல் நிலையத்தில் கட்டும் 40 கிலோ மூட்டையில் ஐந்து மூட்டை. அந்த ஐந்து மூட்டையிலும் நிறம் மாறிய மணி ஒன்றே ஒன்று. அதைத்தான் இராமன் தேடிக் கண்டுபிடித்தார் என்று சொன்னபோது தந்தையார் சற்று நேரம் பேசவில்லை.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். ஒளியிடம் மூலக்கூறு வாங்குவது வாரமா, குத்தகையா என்றார். டெல்டா நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிற ஊரார்க்காகச் சொல்கிறேன். நிலத்தை வாரத்துக்கு விட்டால் விளைவில் ஒரு பங்கு. விளைவு கூடினால் பங்கும் கூடும், குறைந்தால் குறையும். குத்தகை என்றால் கண்டுமுதல் என்னவாக இருந்தாலும் பேசிய மூட்டை பேசிய மூட்டைதான். இரண்டு மா நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர் என் தந்தை. இந்த வேறுபாட்டை அவர் போல் அறிந்தவர் இல்லை.

நான் திகைத்துப் போனேன். ஏனெனில் செய்முறைத் தேர்வில் எனக்குத் தெரியாமல் போனது இதுவேதான். மூலக்கூறு வாங்குவது குத்தகை. வருகிற ஒளி ஊதாவானாலும் பச்சையானாலும் சிவப்பானாலும் பென்சீன் அதே அளவுதான் எடுத்துக் கொள்ளும். அந்த மாறாத அளவுக்குத்தான் இராமன் பெயர்ச்சி என்று பெயர். பெயர்ச்சி என்றதும் ஆலங்குடி குருப்பெயர்ச்சி என் தாயாருக்கு நினைவு வந்தது. அதுவும் பொருத்தமே, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எவ்வளவு பெயர்ந்தது என்பதுதான் கணக்கு. போய்ச் சேர்ந்த இடம் அன்று, புறப்பட்ட இடத்திலிருந்து விலகிய தொலைவே இச்சொல்லின் பொருள்.

இந்தக் குத்தகையை நானோமீட்டரில் அளக்க முடியாது. ஆற்றல் அலைநீளத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருப்பதால் அங்கே கணக்கு தப்பும். ஆகவே ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலைகள் அடங்கும் என்னும் அலை எண்ணில் அளக்கிறார்கள். இராமன் காலத்துப் பாதரச விளக்கின் 435.8 நானோமீட்டர் கோட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு சென்டிமீட்டரில் 22,946 அலைகள். பென்சீனின் 992-ஐக் கழித்தால் 21,954, அதாவது 455.5 நானோமீட்டரில் புதிய கோடு. இன்றைய ஹீலியம்-நியான் லேசரின் 632.8 நானோமீட்டர் சிவப்பு ஒளியில் 15,803 அலைகள். 992-ஐக் கழித்தால் 14,811, கோடு 675.2 நானோமீட்டரில். முதலாவதில் ஏறத்தாழ 20 நானோமீட்டர் விலகல், இரண்டாவதில் 42. நானோமீட்டரில் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு. அலை எண்ணில் பார்த்தால் இரண்டும் அதே 992.

ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இத்தகைய குத்தகைகள் சில உண்டு. 992 என்பது பென்சீனின் வலிமையான கோடு. எந்த இரண்டு பொருளுக்கும் இந்தப் பட்டியல் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே பட்டியலைக் கண்டால் பொருளைக் கண்டுவிடலாம். முன்னரே அதிர்ந்து கொண்டிருக்கும் மூலக்கூறு தன் ஆற்றலை ஒளிக்குத் திருப்பித் தருவதும் உண்டு. அப்போது கோடு எதிர்ப்பக்கம் தோன்றும். அத்தகைய மூலக்கூறுகள் குறைவாதலின் அக்கோடு மங்கலாக இருக்கும். முதல் வகையை ஸ்டோக்ஸ் கோடு என்றும் இரண்டாவதை எதிர் ஸ்டோக்ஸ் கோடு என்றும் வழங்குகிறோம்.

சொல்லில் அடங்காத பெயர்கள்

இராமன் விளைவு என்னும் சொல்லில் ஒரு பெயர்தான் இருக்கிறது. நிலத்துக்கு ஒருவர் பெயரில் பட்டா இருக்கும். நாற்றுப் பறித்தவர், நடவு நட்டவர், களை எடுத்தவர் பெயரெல்லாம் அதில் இராது. என் தாயார் இன்றும் நடவுக்குப் போகிறவர். ஆதலால் இது என் கண்ணில் பட்டது.

முதல் அறிவிப்பில் இராமனோடு சேர்ந்து கையொப்பமிட்டவர் கிருஷ்ணன். வத்திராயிருப்பில் பிறந்த அவர் பகலும் இரவும் கருவியருகே இருந்தவர். இராமநாதன் ஐந்தாண்டுக்கு முன்பே அந்த மங்கல் ஒளியைக் கண்டவர். ஆசு பாபு கருவிகளைக் காத்தவர். வழிகாட்டி, கேள்வி எழுப்பி, விடாமல் பின்தொடர்ந்தவர் இராமன் என்பதில் ஐயமில்லை, பெயர் அவருக்குரியதே. ஆயினும் நாம் அச்சொல்லை எழுதும்போது உடன் நின்றவர்களையும் ஒரு கணம் நினைப்பது நன்று.

பெங்களூர் ஆண்டுகள்

1933-இல் இராமன் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநரானார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. நிர்வாகத்தில் கருத்து வேற்றுமை முற்றி 1937-இல் அப்பதவியை விட்டார்; பேராசிரியராக 1948 வரை பணியாற்றினார். திரவத்தில் பாயும் ஒலி அலைகள் ஒளிக்கு ஒரு கீற்றணி போல் அமைகின்றன என்று நாகேந்திர நாத்துடன் சேர்ந்து 1935, 1936-இல் விளக்கினார். ஒலியைக் கொண்டு லேசர் கற்றையைத் திருப்பும் கருவிகளில் இன்று இராமன்-நாத் விளிம்பு வளைவு என்னும் சொல் வழங்குவது அதனால்தான்.

பெரியோர் வாழ்வை எழுதும்போது குறையை மறைத்தல் வழக்கம். நான் ஒரு பெண் என்ற முறையில் ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. 1933-இல் கமலா பகவத் என்னும் மாணவி அக்கழகத்தில் சேர வந்தபோது, பெண் என்பதற்காக இராமன் முதலில் மறுத்தார். பின்னர் ஓராண்டு நிபந்தனையோடு ஏற்றார். பிற்காலத்தில் கமலா சோஹோனி என அறியப்பட்ட அவர் 1939-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். அவரது உழைப்பைக் கண்டபின் கழகத்தின் கதவு மற்றப் பெண்களுக்கும் திறந்தது. 1940-இல் இராமனிடம் ஆராய்ச்சிக்கு வந்த அன்னா மணி வைரம், மாணிக்கம் ஆகிய கற்களின் ஒளியை ஆராய்ந்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவருக்கு டாக்டர் பட்டம் கிடைக்கவில்லை. பின்னாளில் நாட்டின் வானிலைக் கருவிகளை உருவாக்கிய பெருமை அவருக்கு உண்டு.

1948-இல் இராமன் தம் பெயரால் பெங்களூரில் ஆராய்ச்சிக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். 1954-இல் பாரத ரத்னா விருது பெற்றார். பூக்களின் நிறம், கண்ணின் பார்வை, வைரத்தின் ஒளி என்று இறுதி வரை ஆராய்ந்தார். 1970 நவம்பர் 21-ஆம் நாள் மறைந்தார். அவர் விருப்பப்படி கழகத் தோட்டத்திலேயே எரியூட்டினார்கள். அவ்விடத்தில் நினைவுக் கல் இல்லை. ஒரு மரம் இருக்கிறது.

லேசர் வந்த பின்

இராமன் விளைவுக்கு இருந்த பெருங்குறை அதன் மங்கல்தான். கோடியில் ஒன்றைப் படம் பிடிக்கப் பாதரச விளக்கின் முன் பல மணி நேரம், சில சமயம் நாட்கணக்கில், ஒளித்தகட்டை வைத்துக் காத்திருக்க வேண்டும். 1960-இல் மைமன் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை இயக்கினார். ஒரே நிறம், ஒரே திசை, மிகுந்த செறிவு. இராமன் விளைவுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கு வேறில்லை. முப்பது ஆண்டுக்கு முன் விதைத்த விதைக்கு அப்போதுதான் மடைத் தண்ணீர் வந்தது எனலாம்.

1962-இல் உட்பரி, இங் என்னும் இருவர் மாணிக்க லேசருக்குள் நைட்ரோபென்சீன் அடைத்த கலம் ஒன்றை வைத்திருந்தனர். 694.3 நானோமீட்டர் ஒளியோடு, எதிர்பாராத 767 நானோமீட்டர் ஒளியும் வலுவாக வெளிப்பட்டது. நைட்ரோபென்சீனின் இராமன் பெயர்ச்சியே அதற்குக் காரணம் என்று பின்னர் தெளிந்தனர். செறிந்த லேசர் ஒளியில் இராமன் சிதறல் தன்னைத் தானே பெருக்கிக் கொள்கிறது. தூண்டப்பட்ட இராமன் சிதறல் என்று இதற்குப் பெயர். இவ்வழியில் அமைந்ததே இராமன் லேசர். கண்ணாடி இழையில் நெடுந்தொலைவு செல்லும் செய்திகள் தேயாதபடி வலுவூட்டும் இராமன் பெருக்கியும் இதே தத்துவத்தால் இயங்குகிறது.

போலி மருந்தை உறையைப் பிரிக்காமல் கண்டறியவும், கல் வைரமா கண்ணாடியா என்று சோதிக்கவும் இன்று கையடக்க இராமன் கருவிகள் உள்ளன. 2021 பிப்ரவரியில் செவ்வாய்க் கோளில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தி, பச்சை லேசரைப் பாறைமீது பாய்ச்சி இராமன் பெயர்ச்சியை அளந்து அங்குள்ள கனிமங்களை அறிகிறது. அந்த லேசரின் அலைநீளம் 532 நானோமீட்டர். எங்கள் ஆய்வகத்து மேசையில் இருப்பதும் அதே பச்சைதான்.

முடிவுரை

மாணவ நண்பர்களே, நம் பாடநூல்களில் மனிதர் பெயர் தாங்கிய சொற்கள் எத்தனையோ உள்ளன. அவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் கடல் பார்த்து நின்ற ஒருவரும், திரவத்தை மறுபடி மறுபடி வடித்த சிலரும், பெயர் தெரியாத பலரும் இருக்கிறார்கள். ஐந்து வரிகளில் ஒப்பித்துவிட்டுப் போனால் அவர்கள் நமக்கு ஒன்றும் தருவதில்லை. நமக்குத் தெரிந்த மொழியில், நம் வீட்டாருக்கு எடுத்துச் சொல்லிப் பார்த்தால் நமக்கு எது தெரியவில்லை என்பது தெரிந்துவிடும். எனக்கு அதைக் காட்டிக் கொடுத்தவர் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் தந்தையார்.

அந்தத் தேர்வில் போன மதிப்பெண் போனதுதான். ஆனால் விடையைச் சொல்லாமல் கட்டுரையை முடிக்க எனக்கு மனமில்லை. 532 நானோமீட்டர் ஒளியில் ஒரு சென்டிமீட்டருக்கு 18,797 அலைகள். பென்சீனுக்கு உரிய குத்தகை 992. மிச்சம் 17,805. புதிய கோடு 561.6 நானோமீட்டரில், மஞ்சள் சாயலோடு தோன்றும்.